நெய்ப்பந்தம் பிடித்த கை

என்னைத் தோளில் தூக்கி வளர்த்த அய்யாவுக்கு,

கேஸ் முடிந்துவிட்டது. முதலில் உங்களிடம்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. மதினி பெற்ற வசந்திக்குத் தகப்பன் உங்கள் மகன்தான் என்று மதுரைக் கோர்ட்டில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். சந்தோஷப்பட வேண்டிய நேரம், என்னால் முடியவில்லை.

அண்ணன் எதிர்மனுவில் என்ன எழுதிக் கொடுத்தான் என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் படுக்கையில் கிடந்தீர்கள், நாங்கள் மறைத்துவிட்டோம். மதினி கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. பிள்ளைக்கு அப்பன் இவர் என்று கோர்ட் சொல்லட்டும், பள்ளிக்கூடத்து ரிஜிஸ்டரில் அந்தப் பெயர் ஏறட்டும் என்றுதான் கேட்டாள். கோயிலில் தாலி கட்டிக் காளவாசலில் நாலு வருஷம் குடித்தனம் நடத்தியவளை, யாரென்றே தெரியாது என்று எழுதிவிட்டான். குழந்தை எவனுக்குப் பிறந்ததோ என்று இன்னொரு வரி. கேட்டால், எல்லாம் வக்கீல் எழுதியதாம். கீழே இருந்த கையெழுத்து யாருடையது?

அடுத்த பத்து நாளில் நீங்கள் போய்விட்டீர்கள். நெய்ப்பந்தம் பிடிக்கப் பேரன் பேத்தி யாரும் வீட்டில் இல்லை. எனக்குப் பிள்ளை இல்லை, மதினியை விட்டுவிட்டு அவன் செய்துகொண்ட இரண்டாவது கல்யாணத்திலும் இல்லை. பேரப்பிள்ளை பந்தம் பிடிக்காமல் மனுஷனை எப்படித் தூக்குவது என்று பங்காளிகள் கேட்க ஆரம்பித்தார்கள். அண்ணன் என்னைத் தனியே கூப்பிட்டான்.

"வாடகைக் காரு நிக்கிது. காளவாசலுக்குப் போயி அந்தப் பிள்ளையத் தூக்கிட்டு வந்துரு."

வெட்கமே இல்லாமல் நானும் போனேன். மதினி கதவைத் திறந்தாள், வந்த காரியத்தைச் சொன்னேன். "அவருக்காக இல்ல, மாமாவுக்காக அனுப்புறேன்" என்றாள். பிள்ளைக்குத் தலை சீவி, இருந்ததில் நல்ல கவுனைப் போட்டு அனுப்பினாள்.

வசந்தி தீயைப் பார்த்துப் பயந்துவிட்டாள். அண்ணன்தான் பின்னால் நின்று அவள் கையைத் தன் கையால் பிடித்துக்கொண்டு உங்களைச் சுற்றி வந்தான். அதோடு விட்டானா? திருமங்கலத்திலிருந்து ஸ்டூடியோக்காரரை வரவழைத்து அதைப் போட்டோவும் எடுக்கச் சொன்னான். ஊருக்குக் காட்ட வேண்டுமே. உங்களைத் தூக்கிய கையோடு, பிள்ளையைக் கொண்டுபோய் விட்டுவிடச் சொன்னான். அது சாப்பிட்டதா என்றுகூடக் கேட்கவில்லை.

அந்தப் போட்டோவை மதினியின் வக்கீலிடம் கொடுத்தது நான்தான் அய்யா. கோர்ட்டில் காட்டியபோது, அது பக்கத்து வீட்டுப் பிள்ளை என்றான் அண்ணன். நீதிபதி நம் ஊர்ப் பக்கத்து ஆள் போலிருக்கிறது. படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"பக்கத்து வீட்டுப் பிள்ளைய நெய்ப்பந்தம் பிடிக்க விடுற ஊரு எதுங்க?" என்று கேட்டார்.

அடுத்து என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். அவன் என்னையே முறைத்துக்கொண்டிருந்தான். இந்தப் பிள்ளை யார் என்று கேட்டார்கள், "எங்க அண்ணன் மக" என்றேன். நீங்கள் உயிரோடு இருந்திருந்தால் மகன் பக்கம் நின்றிருப்பீர்களா? எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருக்கிறது.

தீர்ப்பு வந்த அன்று கோர்ட் வாசலில் என்னிடம் வந்தான். தலை குனிந்து நிற்பான் என்று பார்த்தேன்.

"சரி, எம் மகதான்னு ஆகிப்போச்சு. அய்யாவுக்குத் தலைத் திவசம் வருதுல்ல, அவள அனுப்பச் சொல்லு. சொந்தக்காரங்க கேப்பாங்க."

சீ என்று வந்துவிட்டது. ஒரே வயிற்றில் பிறந்தோம் என்று நினைக்கவே அருவருப்பாக இருக்கிறது. செத்தவர்களுக்குச் செய்யத்தான் இவனுக்குப் பிள்ளை வேண்டும்.

அதனால் இந்த வருஷம் அவன் என்ன செய்தாலும் செய்யட்டும், உங்களுக்கு என் வீட்டிலும் ஒரு படையல் உண்டு. மதினியிடம் சொல்லிவிட்டேன், பிள்ளையோடு வருகிறாள். உங்களுக்குப் பிடித்த மொச்சைக்கொட்டைக் குழம்பு வைக்கிறேன். விளக்கை வசந்தி ஏற்றுவாள். இப்போது அவளுக்குத் தீக்குச்சி உரசத் தெரியும். அவள் கையை எவனும் பிடிக்க விடமாட்டேன் அய்யா, இது சத்தியம்.

உங்கள் மகள்,
வசந்தியின் அத்தை
பாண்டியம்மாள்