உன் பெட்டிமேல் நான் வைத்த தப்பான பூ

மண்ணுக்குள் போன பிறகும் பக்கத்தில் என்ன செடி முளைத்திருக்கிறது என்று வேரைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருப்பாய் என்று நான் நம்புகிற என் பாசத்துக்குரிய மச்சான் மாரிமுத்துவுக்கு,

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். நலம் விசாரித்தால் நீயே சிரிப்பாய், அதனால் அதை விட்டுவிடலாம். போன கார்த்திகையில் உன் பெட்டிமேல் நான் வைத்தது நீ கேட்ட பூ இல்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னாய்? "மச்சான், எனக்குச் செவ்வந்தி மாலையெல்லாம் வேணாம். தண்ணி பிடிக்கிற பீலிக்குப் பக்கத்துல இருக்குல்ல, கோட்டுப்பூ, அதுல ஒரு பிடி வச்சிரு, போதும்." முப்பது வருஷம் தேயிலை மலையில் களையெடுக்கிற கூட்டத்துக்குக் கங்காணியாக இருந்த மனுஷன், கடைசியில் தன் நெஞ்சுமேல் களையை வைக்கச் சொல்கிறான். நான் என்னத்தைச் சொல்ல? சரி என்று தலையாட்டினேன்.

அன்றைக்குப் பார்த்து வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. என் கண்ணாடி பெரகல சந்தியில் என் தையல் கடையில் கிடந்தது. பீலிக்கரைக்கு ஓடினேன். குட்டி வெள்ளைப் பூ, எண்ணிப் பார்த்தால் பத்து இதழ், இலைகள் எதிரெதிரே ஜோடி ஜோடியாக. இதுதான் என்று முடிவு கட்டிவிட்டேன். ஒரு பிடி கேட்டாய், நான் இரண்டு கை நிறையப் பறித்தேன். எனக்கு இருந்தது ஒரே ஒரு தங்கச்சி, ஒரே ஒரு மச்சான். அதில் என்ன கஞ்சத்தனம்? வளையமாகச் சுற்றி, ஊசி நூல் போட்டுத் தைத்தேன். தைத்த விதத்தை நாலு பேர் பாராட்டவும் செய்தார்கள்.

அது ஒட்டுப்பூ, மச்சான்.

பெட்டியைத் தொட்ட எல்லாரிடமும் ஒட்டியது. இரங்கல் பேச வந்த தொழிற்சங்கத் தலைவர், "அன்னார் நம் எல்லோர் மனதிலும்..." என்று ஆரம்பித்துவிட்டு, சட்டைக் கையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிய்த்துப் பிய்த்து, எந்த வரியில் நின்றோம் என்பதை மறந்துவிட்டார். தப்படித்தவருக்கு இடுப்புத் துண்டு முழுக்கப் பூ. என் தங்கச்சி பாக்கியம் உன்மேல் விழுந்து அழுதாள். தூக்கி நிறுத்தியபோது வளையத்தில் பாதி அவள் சேலையோடு வந்துவிட்டது. அதைப் பார்த்து உன் மகள் சுகந்தி, அத்தனை அழுகைக்கு நடுவில், களுக்கென்று ஒரு தடவை சிரித்தாள். அன்றைக்கு நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு பாக்கியம், நீ களைகளைப் பார்க்கிற லென்ஸைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். "அவரு ஒருத்தருக்கும் குடுக்காத சாமான் அண்ணே. ஒனக்குத்தான் ரொம்பத் தேவ," என்றாள். அவள் சொன்னதில் குத்தல் இருந்ததா இல்லையா என்று இன்னும் தெரியவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, லென்ஸையும் எடுத்துக்கொண்டு பீலிக்கரையில் போய்க் குந்தினேன். தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் உன் களைப் பைத்தியம் எனக்கும் பிடித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்களாம்.

பத்து இதழ், பத்து இதழ் என்று உன்னோடு எத்தனை நாள் சண்டை போட்டிருப்பேன்! ஐந்துதான். ஒவ்வொன்றும் அடிவரைக்கும் பிளந்து இரண்டாகத் தெரிகிறது. துணி வெட்டிப் பிழைக்கிறவன் நான். ஒரு துண்டை நடுவில் வெட்டி விரித்தால் இரண்டு மாதிரி இருக்கும் என்பது எனக்குத் தெரிய வேண்டாமா? தோற்றுவிட்டேன், மச்சான். நீ இருக்கும்போது ஒப்புக்கொண்டிருந்தால் எவ்வளவு ஆடியிருப்பாய்.

இப்போது கேள், பாடம் ஒப்பிக்கிறேன். நீ கேட்ட கோட்டுப்பூவுக்குத் தண்டின் ஒரே பக்கத்தில் மட்டும் ஒற்றை வரியாக ரோமம் ஓடும், காற்சட்டைப் பக்கத்தில் வைக்கிற பட்டி மாதிரி. கணு வந்ததும் வரி வேறு பக்கத்துக்கு மாறிவிடும். உடம்பு முழுக்க ரோமம் இருந்து, இதழ் நுனியில் மட்டும் லேசாக வெட்டுப்பட்டிருந்தால் அது எலிக்காது. தண்டில் அந்த வரியும் இல்லாமல், இலை வட்டமாக, பூக்காம்பைத் தொட்டால் விரலோடு வருகிறதென்றால் அது நான் வைத்த சனியன். மூன்றுக்கும் கணு வீங்கியிருக்கும், கணுவுக்குக் கணு இரண்டு இலை எதிரெதிரே நிற்கும். சரிதானே?

சுகந்தி, "ஏன் மாமா கஷ்டப்படுறீங்க, போன்ல படம் புடிச்சா அதுவே பேரு சொல்லும்," என்றாள். பிடித்தோம். முதல் தடவை கொத்தமல்லி என்றது. இரண்டாவது தடவை நிலக்கடலை. மூன்றாவது தடவை என் கட்டைவிரலைக் காளான் என்றது. லென்ஸே போதும் என்று விட்டுவிட்டேன்.

இனி ஊர்ச் செய்தி. சுகந்திக்குக் கல்யாணம் பேசியாகிவிட்டது. மாப்பிள்ளைக்கு ஊர் கொஸ்லந்தை, பள்ளிக்கூட வாத்தியார், அதிகம் பேசாதவர். நீ இருந்திருந்தால் அவருக்கும் சேர்த்து நீயே பேசியிருப்பாய். உன் வருஷம் திரும்பியதும் தையில் கல்யாணம். மேடைக்கு நுவரெலியாவிலிருந்து கார்னேஷன் வருகிறது. ஊரார் கல்யாண மேடையெல்லாம் ஏறி, "இதுவும் நம்ம களைக்குச் சொந்தக்காரிதான், பணக்கார வீட்டுல பொறந்துட்டா," என்று பூவைத் திருப்பிக் கணுவைக் காட்டி ஏச்சு வாங்குவாயே, உன் மகள் மேடையில் அதைச் செய்ய ஆளில்லை என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

ஆனால் பெரிய வருத்தம் கல்யாணப் பத்திரிகையில் வந்தது. சுகந்தி ஒரே பிடியாக நின்றாள். "சித்தப்பா பேரு கார்டுல இல்லாட்டி எனக்குக் கல்யாணமே வேணாம்."

பாக்கியம் கொதித்தாள். "அண்ணன் சாவுக்கே வராத ஆளு பேர எதுக்குடி போடணும்? எழவுக்கு வராதவருக்குக் கல்யாணச் சோறு மட்டும் எறங்குமா?"

ஆத்தாளும் மகளும் மூன்று வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அச்சகத்துக்காரர் எனக்குத் தினமும் போன் போட்டார். இந்த வம்புக்கெல்லாம் மூலகாரணம் நீதான் என்பது உனக்கு நினைவிருக்கிறதா?

சுகந்தியின் சடங்குக்குப் பத்திரிகை அடிக்கப் பெயர்களை எழுதிக்கொண்டு போனாய். கடைசி வரியில் உன் தம்பி சந்திரன் பெயர். வழியில் தண்ணீர் ஓடுகிற கான் ஓரத்தில் ஏதோ ஒரு களையில் விதை முற்றியிருந்தது. அதை மடித்து வைக்க அந்தத் தாளின் அடியைக் கிழித்தாய்! அச்சகத்தில் கொடுத்ததைத்தான் அடித்தார்கள். சந்திரன் பதுளையிலிருந்து வேட்டி சட்டையோடு வந்து இறங்கி, பத்திரிகையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, என் பேரு எங்க?" என்று கேட்டான். அச்சுக்காரன் தப்பு என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நீ சட்டைப் பையிலிருந்து அந்தத் துண்டை எடுத்து, "இந்தா, பத்திரமா இருக்கு," என்று விதையோடு நீட்டினாய்.

"ஒனக்குக் களை பெருசா, தம்பி பெருசா?" என்றான்.

தம்பிதான் என்று சொல்ல ஒரு நொடி போதும். நீ யோசித்தாய், மச்சான். எல்லார் முன்னாலும் நின்று யோசித்தாய்.

"இனி ஒன் வாசப்படி மிதிக்க மாட்டேன். ஒன் சாவுக்கும் வரமாட்டேன்," என்று அவன் போனவன் போனவன்தான். சொன்னபடியே சாவுக்கும் வரவில்லை. அப்படித்தான் நாங்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

போன வாரம் கல்யாண ரவிக்கைகளுக்கு உள்துணி வாங்கப் பதுளைக்குப் போனேன். வாங்கிவிட்டு, சந்திரனை நாலு வார்த்தை கேட்டுவிட்டே வருவது என்று அவன் வீட்டுக்கு நடந்தேன். அவன் குடியிருப்பது ஒரு ஹார்ட்வெயார் கடையின் மாடியில். சுற்றிலும் சீமெந்து. ஒரு புல் பூண்டு கிடையாது. மாடிப்படியில் மட்டும் வரிசையாக அந்தூரியம் தொட்டிகள். கேட்க வேண்டிய வார்த்தைகளை மனதுக்குள் அடுக்கிக்கொண்டு ஏறினேன். நாலாவது படித் தொட்டியில், அந்தூரியத்தின் காலடியில், குட்டியாக வெள்ளைப் பூ.

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். லென்ஸை எடுத்தேன். கணு வீங்கியிருக்கிறது, இலை ஜோடி. தண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ரோம வரி இல்லை. இலை வட்டம். பூக்காம்பைத் தொட்டேன். விரலோடு வந்தது.

கீழே இருந்து, எல்லாரும் நானா என்று கூப்பிடுகிற கடை முதலாளி எட்டிப் பார்த்தார். "என்ன தேடுறீங்க? சாமான் ஏதும் விழுந்திட்டா?"

"ஒன்னுமில்ல நானா, சொந்தக்காரங்களப் பாக்க வந்தேன்," என்றேன். அவர் தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார்.

அந்தச் சத்தத்துக்குச் சந்திரன் வெளியே வந்தான். என் கையில் உன் லென்ஸைப் பார்த்ததும் அவன் முகம் மாறிவிட்டது. அடுக்கிவைத்த வார்த்தை ஒன்றும் எனக்கு வரவில்லை. "இது எப்படிடா இங்க வந்துச்சு?" என்றுதான் கேட்டேன்.

"களதான மச்சான், எங்கயும் வரும்."

"தொட்டி மண்ணு எங்க எடுத்த?"

"கடைல வாங்குன பை மண்ணு," என்று சொல்லிவிட்டு, வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோமே என்று தலையைக் குனிந்துகொண்டான். பிறகு என் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்தான்.

"வந்தேன் மச்சான். மழைக்கோட்டுத் தொப்பிய முகம் வரைக்கும் இழுத்துவிட்டுக்கிட்டு வந்தேன். சாவுக்கும் வரமாட்டேன்னு சொன்ன வாய வச்சிக்கிட்டு மதினி மூஞ்சில எப்படி முழிக்கிறது? அங்க ஒருத்தரும் என்னயப் பாக்கல. எல்லாரும் குனிஞ்சி குனிஞ்சி உடுப்புல எதையோ பிச்சிக்கிட்டு இருந்தாங்க. நான் அண்ணனத் தூக்குனேன். வீட்டுக்கு வந்து இந்தப் படியில நின்னுதான் கோட்ட ஒதறுனேன்."

"பிடுங்காம வச்சிருக்கியே?"

"என் பொண்சாதி ரெண்டு தடவ பிடுங்கப் போனா. விடல. ஒரு வருஷமா தண்ணி ஊத்துறேன் மச்சான்."

என்னால் அதற்குமேல் அங்கே உட்கார முடியவில்லை. உள்துணிப் பையைப் படியிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன், அவன் பஸ் நிலையம் வரை ஓடிவந்து கொடுத்தான்.

நேரே பாக்கியத்திடம் போனேன். அவள் லயத்து வீட்டு வாசலில் கொழுந்துக் கூடையின் கயிற்றை முடிந்துகொண்டிருந்தாள். சாட்சியாகக் கொண்டுபோன ஒட்டுப்பூவை நீட்டி, தண்டு, இலை, காம்பு என்று எல்லாவற்றையும் விளக்கினேன். அவள் அசையவில்லை. "அந்தச் சனியன் எங்க இல்ல? என் கூடையிலயே நாலு கெடக்கு. இத நம்பி நீ பதுளைல இருந்து ஓடிவந்தியா?"

"அவன் வாயாலயே சொன்னான்டி. மழைக்கோட்டுப் போட்டுக்கிட்டு வந்தானாம்."

முடிந்துகொண்டிருந்த கை நின்றது. "நீலக் கோட்டா?"

நான் நிறம் சொல்லவே இல்லை, மச்சான். எனக்கே தெரியாது.

"லயத்துப் படியில பெட்டி வழுக்குனப்ப ஒரு ஆளு ஓடியாந்து தோள் குடுத்தாரு. நீலக் கோட்டு. பெட்டியப் புடிச்ச கை அப்படியே எங்க வீட்டுக்காரரு கை. வெரல் கணுவெல்லாம் அதே மாதிரி பொடச்சிக்கிட்டு. அழுத அழுகைல எனக்குத்தான் அப்படித் தெரியுதுனு விட்டுட்டேன் அண்ணே." அப்புறம் கூடையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். சுகந்தி உள்ளேயிருந்து ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். நான் ஒரு வருஷம் லென்ஸோடு குந்திக் கற்றுக்கொண்டதை உன் பெண்சாதி வெறும் கண்ணால், மழையில், கண்ணீரோடு பார்த்திருக்கிறாள்.

அன்றைக்கே பத்திரிகைக்குப் பெயர் எழுதினாள். முதல் வரியில் சந்திரன், பெண்ணின் சித்தப்பா. "அடியில ஒன் பேரப் போட்டிருக்கேன் அண்ணே. வழியில யாராச்சும் கிழிச்சாலும் ஒன்னும் கொறஞ்சிடாது," என்றாள். அழுது முடித்த கையோடு இப்படிப் பேச எங்கள் குடும்பத்தில்தான் முடியும்.

உன் வருஷத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. சந்திரன் வருகிறான், மழை பெய்தாலும் கோட்டு இல்லாமல். இந்தத் தடவை கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒவ்வொரு தண்டாகத் திருப்பி, ரோம வரியைப் பார்த்து, நீ கேட்ட கோட்டுப்பூவில் சரியாக ஒரு பிடி கொண்டுவந்து வைப்பேன். இது சத்தியம். பக்கத்தில் ஒட்டுப்பூவும் ஒரு பிடி வைக்க வேண்டும் என்பது பாக்கியத்தின் உத்தரவு. ஒட்டினால் ஒட்டட்டும், மச்சான். இந்தத் தடவை யாரும் உதற மாட்டோம்.

இப்படிக்கு,
ஐந்து இதழ்தான் என்று ஒப்புக்கொண்டுவிட்ட,
உன் பெண்சாதிக்கு அண்ணன், உன் மகளுக்குத் தாய்மாமன்,
உன் மச்சான் ராமையா