சொல்லிவிட்டுத்தான் தொட வேண்டும்

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நானும் சிட்டுவும் நலம். உன் நலத்தைக் கடைசியில் விசாரிக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அதை முதலில் விசாரித்தால் என்ன கதியாகும் என்று செவ்வாய்க்கிழமை நன்றாகவே பட்டுத் தெரிந்துகொண்டேன். முதலில் விஷயம்: ஜெயித்துவிட்டோம்! சிட்டுவின் வகுப்பு எங்கேயும் போகவில்லை!

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் "டூட்டிக்கு நேரமாச்சு" என்று பாதியில் வைத்துவிடுவாய். முழுக்கதையையும் சொல்லாவிட்டால் என் தலை வெடித்துவிடும். அதனால்தான் மத்தியானம் சலூன் கதவைச் சாத்திவிட்டு, சுழல் நாற்காலியில் நானே உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன மாதம் பள்ளியிலிருந்து வந்த தாளை உனக்குப் படித்துக் காட்டினேன் அல்லவா? சிறப்பு வகுப்பில் இருப்பது பதினொரு பிள்ளைகள்தான், அந்த அறை கம்ப்யூட்டர்களுக்கு வேண்டும், ஒன்றாம் தேதியிலிருந்து ஊரின் மறுகோடியில் இருக்கிற பள்ளிக்கு வகுப்பை மாற்றுகிறோம் என்று. இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். செருப்பு மாற்றினதற்கே எட்டு நாள் வெறுங்காலோடு நடந்தவள் நம் பெண். அதைக் கேட்டதும் நீ, நான் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்றாய். இரண்டு முறை பரீட்சை எழுதி வாங்கின நர்ஸ் வேலை. அன்றிலிருந்து எனக்கு எதிலும் மனசு ஓடவில்லை. ஒருத்தருக்கு மீசையில் பாதியை எடுத்துவிட்டேன். பாவம், மீதியையும் எடுக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

பள்ளியின் நிர்வாகக் குழுத் தலைவர் நம் வாடிக்கையாளர்தான், உனக்குத் தெரியும். இதை முடிவு செய்யச் செவ்வாய்க்கிழமை வைத்த கூட்டத்துக்கு முந்தின சனிக்கிழமை வந்து உட்கார்ந்தார். வகுப்புப் பேச்சையே நான் எடுக்கவில்லை. கழுத்தில் துணியைக் கட்டி உட்கார வைத்துவிட்டு, கையில் சவரக்கத்தியோடு நின்று ஒரு மனுஷரிடம் உதவி கேட்டால் அதற்குப் பெயர் உதவி கேட்பதா? கிருதாவைச் சரிசெய்து அனுப்பிவிட்டேன். இதைக் கேள்விப்பட்டு பஸ் அக்கா என்னை ஒரு பிடி பிடித்துவிட்டார். பதினேழாம் நம்பர் பஸ் ஓட்டுகிறாரே, அவர் மகனும் சிட்டு வகுப்புதான். வாயுள்ள பிள்ளை என்று உன்னைச் சொல்வேன், அவர் உனக்கு அக்கா.

கூட்டம் நூலக அறையில் நடந்தது. குழுவில் தலைவரோடு ஏழு பேர். எல்லாரும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் நாற்காலியில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். முன்கூட்டியே பெயர் கொடுத்த பெற்றோர் ஆளுக்கு மூன்று நிமிடம் பேசலாம். நான் நான்கு பக்கம் எழுதி, சலூன் கண்ணாடி முன்னால் நின்று மனப்பாடம் செய்திருந்தேன்.

என் முறை வந்தது. எதிரே பார்த்தால் பாதிப் பேர் நம் கடைக்கு வருகிறவர்கள். பழக்க தோஷம், சும்மா இருக்குமா வாய்? ஒருத்தரிடம் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். இன்னொருத்தரிடம் மகள் கல்யாணம் நல்லபடி நடந்ததா என்றேன். அவரும் விலாவாரியாகச் சொன்னார். டங்! தலைமையாசிரியை மேசை மணியைத் தட்டிவிட்டார். மூன்று நிமிடம் முடிந்தது. நான்கு பக்கமும் என் கையிலேயே இருந்தது. தரை பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது.

அடுத்த பெயர் பஸ் அக்காவுடையது. அவர் எழுந்து, "என் மூணு நிமிஷத்தை இவருக்கே குடுத்துடுங்க. ஆனா யாரையும் நலம் விசாரிக்கக் கூடாதுன்னு சொல்லிடுங்க" என்றார். அறையே சிரித்தது. அந்தச் சிரிப்பில் நான் மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்துபோயிற்று. வாயில் வந்ததைப் பேசினேன்.

"இடது காதுப் பக்கம் வரேன், இப்ப பின்கழுத்துன்னு ஒவ்வொண்ணா சொல்லிட்டுத்தானே உங்களுக்கு முடி வெட்டறேன்? அது எனக்கு என் பொண்ணு கத்துக்குடுத்த தொழில். சொல்லாம தொட்டா அவ அலறுவா. சொல்லிட்டுத் தொட்டா அசையாம உக்காருவா. அவளுக்குச் செஞ்சு பழகி உங்களுக்கும் செய்யறேன். முடிக்கே இவ்வளவு சொல்றோம். பதினோரு பிள்ளைங்களோட வகுப்பை மாத்தறீங்க, பெத்தவங்க எங்களை ஒரு வார்த்தை கேக்கலியே" என்றேன். மணி அடிக்கும் முன்பே உட்கார்ந்துவிட்டேன்.

கை தூக்கச் சொன்னார்கள். வகுப்பு இங்கேயே இருக்கட்டும் என்று மூன்று கை. மாற்றலாம் என்று மூன்று கை. தலைவர் மட்டும் பாக்கி. அவர் தன் இடது காதைத் தடவிக்கொண்டார். அப்புறம், சனிக்கிழமையே தன்னிடம் ஏன் இதைச் சொல்லவில்லை என்று கேட்டார். உங்கள் கழுத்தில் துணி இருந்தது, அதனால்தான் என்றேன். கையைத் தூக்கிவிட்டார். வகுப்பு இங்கேயே இருக்கட்டும், இனிமேல் இந்த வகுப்பைப் பற்றி எது முடிவு செய்தாலும் பெற்றோர் இரண்டு பேர் கூட உட்கார வேண்டும், அவர்களுக்கும் ஓட்டு உண்டு என்று எழுதச் சொன்னார். அந்த இரண்டு பேர் யார் தெரியுமா? பஸ் அக்காவும் உன் புருஷனும்! சிரிக்காதே. அடுத்த கூட்டத்துக்கு நீ இஸ்திரி போட்டு வைத்துவிட்டுப் போன நீலச் சட்டைதான்.

இனி நீ வேலையை விட வேண்டாம். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். நிம்மதியாக இரு.

இன்னொன்றும் இருக்கிறது. சிட்டுவின் அன்றாடப் பட அட்டைகளை வரிசையாகச் செருகும் துணிப்பட்டை சுவரில் தொங்குகிறதே, பல் துலக்குவது, பஸ், வகுப்பு, சலூன் என்று, அதில் தினமும் காலையில் கடைசிப் பையில் உன் படத்தைக் கொண்டுவந்து செருகிவிடுகிறாள். இன்றைக்கு இல்லை என்று சொல்லி நான் எடுத்து வைக்கிறேன். அலறுவதில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

நலமாக இருக்கிறாயா? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? நின்று நின்று கால் வீங்குகிறது என்றாயே, இப்போது எப்படி இருக்கிறது? லீவு எப்போது கிடைத்தாலும் மூன்று வாரம் முன்னாலேயே தேதியைச் சொல்லிவிடு. அவள் மனசைத் தயார் செய்ய அவ்வளவு நாள் வேண்டும். எனக்கும்தான்.

தேதிக்காகக் காத்திருக்கும்,
உன் கத்தரிக்கோல்காரன்