பவுனின் உரிமமும் என் சாட்சிக் கையெழுத்தும்

3 பிப்ரவரி 2025
தேஹு ரோடு ஸ்டேஷன் எதிரே பவுனின் இட்லி வண்டி இல்லை. வீட்டுக்கே வந்து கடிதத்தைக் காட்டினாள். ஒரே வரி: புகாரின் பேரில் உரிமம் ரத்து. யார் புகார், என்ன புகார், ஒன்றும் கிடையாது. அவள் வீட்டில் அடுப்பு எரிவதே அந்த வண்டியால்தான். வாத்தியாராக இருந்தபோது நான் ஒரு விடையை அடித்தால்கூட ஏன் தப்பு என்று ஓரத்தில் எழுதுவேன்.

5 பிப்ரவரி
உரிம அலுவலகம் போனோம். அவளைக் கேட்காமலே எப்படி ரத்து செய்தீர்கள் என்றேன். குமாஸ்தா டீயை உறிஞ்சிக்கொண்டே, "ஆர்டர் நிகல் கயா, அங்கிள்ஜி" என்றான். உத்தரவு போட்டாயிற்றாம். வேண்டுமானால் இனிமேல் ஒரு விசாரணை வைத்துக்கொள்ளலாமாம். மதிப்பெண் போட்டுவிட்டுப் பரீட்சை வைப்பது போல. தூ.

11 பிப்ரவரி
விசாரணை. ஐந்து நிமிஷம். அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கடைசியில் மராத்தியில் அச்சடித்த ஒரு தாள்.
"போடலாமா சார்?" என்றாள் பவுன்.
"வந்ததுக்கு அடையாளம்தான், போடும்மா" என்றேன்.
சாட்சியாக நானும் போட்டேன். குமாஸ்தா பேனாவை நீட்டிக்கொண்டு நின்றான். இரு, எழுத்துக்கூட்டிப் படிக்கிறேன் என்று சொல்லக் கூச்சம்.

18 மார்ச்
தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்ட நகல்கள் வந்தன. என் மனைவி ராஜி படித்துச் சொன்னாள்: 'என் தரப்பைச் சொல்லிவிட்டேன். ரத்து செய்வதில் ஆட்சேபம் இல்லை.' கீழே பவுன். அதற்கும் கீழே நான் — கரும்பலகையில் எழுதுவது போல முத்து முத்தாக.
"கேள்வியைப் படி, கேள்வியைப் படின்னு முப்பது வருஷம் பசங்க உயிரை வாங்கினேள். நீங்க என்னத்தைப் படிச்சேள்?"
நகலை மடித்து, பவுனிடம் காட்ட எடுத்து வைத்தேன்.

19 மார்ச்
பவுனிடம் சொல்லிவிட்டேன். "நீங்க சொன்னீங்கன்னுதான போட்டேன், சார்." அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

20 மார்ச்
மேல்முறையீடு எழுத உட்கார்ந்தேன். கோபம் அவர்கள் மேல் பாதி, என் மேல் பாதி.

22 ஏப்ரல்
மேல்முறையீட்டில் ஜெயித்தோமாம். ரத்து உத்தரவின் தேதி ஜனவரி 28, விசாரணை பிப்ரவரி 11. அந்த இரண்டு தேதிகளைத்தான் பிடித்துக்கொண்டு எழுதியிருந்தேன். உத்தரவு செல்லாது, மறுபடி விசாரிக்க வேண்டும் என்று தீர்ப்பு. யார் விசாரிப்பது? அதே அதிகாரி! தாளைத் திருத்தினவரிடமே மறுமதிப்பீடு. இதற்கு எத்தனை முத்திரை, எத்தனை கையொப்பம். பவுன் இப்போது சாகண் பக்கம் ஒரு கம்பெனி கேண்டீனில் பாத்திரம் தேய்க்கிறாள்.

8 மே
அதே அறை, அதே தாள், அதே பேனா. பவுன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "பெஹ்லே பட்கே சுனாவ்." படித்துக் காட்டு என்கிறாள். குமாஸ்தா படித்தான். 'ஆட்சேபம் இல்லை' என்ற இடத்தில் குரல் இறங்கியது.
"ஜோர்ஸே" என்றாள். சத்தமாகவாம்.
வராந்தாவில் காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அடுத்து, புகாரைக் காட்டச் சொன்னாள். கோப்பை இரண்டு முறை புரட்டினார்கள். புகாரே இல்லை. அதிகாரி வெள்ளைத்தாள் எடுத்து அவள் சொன்னதை எழுதிக்கொண்டார். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. நல்லதுதான்.

2 ஜூன்
உரிமம் திரும்பக் கிடைத்து, காலை ஏழு மணிக்கு வண்டி பழைய இடத்தில். வரிசையில் நான் மூன்றாவது ஆள். அந்தக் குமாஸ்தா வந்தான், நேரே முன்னால் போனான். எல்லாரும் ஒதுங்கி வழி விட்டார்கள்.
நானும் விட்டேன்.
பவுன்தான் கரண்டியால் வரிசையின் கடைசியைக் காட்டினாள்.