ஒன்பதரை மார்க்

டாலிகஞ்ச்,
வியாழக்கிழமை

அன்பு மகள் சாதனாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம், சிங்கப்பூரில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும் என்று அம்மா சொல்லச் சொல்ல எழுதுவது உன் தங்கை சுபிக்ஷா. நேற்று மருந்து ஏறி முடியும்வரை தம்பி ராகவ் அம்மாவின் கையை விடவே இல்லை, அவளுக்கு இன்னும் விரல் வலி. ஆகவே இந்தக் கடிதத்தில் கடி என்னுடையது, இதம் அம்மாவுடையது. அம்மா போனின் பூட்டு நம்பர் அவனுக்கு அத்துப்படி, அதில் அனுப்பினால் படித்துவிடுவான் என்பதால்தான் நாளை சிங்கப்பூர் கிளம்பும் மகேஷ் மாமாவிடம் கொடுத்தனுப்புகிறோம்.

ராகவின் ரத்தப் பரிசோதனை இந்த முறை பரவாயில்லையாம். முடி சுத்தமாகக் கொட்டிவிட்டது. இனி கரன்ட் போனாலும் நம் வீட்டில் வெளிச்சம்தான் என்றேன், தலையணை பறந்து வந்தது. அவனுக்கு வெளிப் பலகாரம் கூடாது என்பதால் பக்கத்து வீட்டு மாஷிமா கொண்டுவரும் சந்தேஷ் முழுக்க எனக்கே, வைத்தியம் அவனுக்கு, எடை கூடுவது எனக்கு.

கவலை அவன் படிப்பில்தான் வந்தது. செவ்வாய்தோறும் வீட்டுக்கு வந்து சொல்லித்தரும் மௌஷுமி மிஸ் அவன் எதை எழுதினாலும் ஸ்டார் போட்டார். ஹவுராவுக்குப் படகில் எத்தனை தடவை போனவன், கங்கை அரபிக்கடலில் கலக்கிறது என்று எழுதினான், அதற்கும் ஸ்டார். பிறகு இரண்டு வாரம் நோட்டையே திறக்கவில்லை. கடைசியில் என்னிடம் மட்டும் கேட்டான், "சுபி, என்னை யாருமே திட்ட மாட்டேங்கறாங்க. நான் செத்துப்போயிடுவேனா?" அக்கா, எனக்கு அப்போது ஒரு கடியும் வரவில்லை. அம்மாவிடம் ஓடினேன். மறுநாள் டாக்டரே அவன் பக்கத்தில் உட்கார்ந்து, மருந்து வேலை செய்கிறது, ஆனால் இன்னும் பல மாதம் ஆகும் என்று மறைக்காமல் சொன்னார். மிஸ்ஸிடம் நான் பேசினேன், "மிஸ், கொஞ்சம் கொடுமைக்காரியா இருங்களேன்" என்று. பாவம், கண் கலங்கிக்கொண்டே சிவப்புப் பேனாவை எடுத்தார். இருபத்தைந்துக்கு ஒன்பது! ராகவ் கட்டிலில் எழுந்து நின்று வங்காளியில் வாதாடி அரை மார்க் பிடுங்கினான், அடுத்த செவ்வாய் மறுதேர்வு வேண்டும் என்று அவனே கேட்டான். நான் தொண்ணூற்றிரண்டு வாங்கியபோது ஏறாத ஃபிரிட்ஜ் கதவில் அந்த ஒன்பதரையை அம்மா ஒட்டிவைத்திருக்கிறாள்.

நீயும் வீடியோவில் வந்ததும் செல்லம், தங்கம் என்று உருகுகிறாயாம், "அக்காவும் ஸ்டார் கட்சி" என்கிறான். அதனால் அம்மாவின் உத்தரவு இது. உன் நீல வாட்சை அவன் உடைத்ததை, அவனுக்கு உடம்புக்கு வந்ததும் மன்னித்தாயே, அந்த மன்னிப்பைத் திரும்ப வாங்கிக்கொள்.

நீ நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்க அப்பாவும் அம்மாவும் ஆசீர்வதிக்கிறார்கள். மறந்துவிடாதே, ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வாட்சைக் கேட்டு நன்றாகச் சண்டை போடு. முன்பு போலவே, பெரியவனானதும் வாங்கித் தருகிறேன் என்று அவன் கத்துவான். அந்த வார்த்தையை அவன் வாயால் கேட்க வேண்டுமாம் அம்மாவுக்கு.

இப்படிக்கு,
சொன்னவள் அம்மா,
சொன்னதற்கு மேலும் எழுதியவள் சுபிக்ஷா