பெட்டியில் எழுதிய வேகம்

ஜூன் 10, திங்கள்

பள்ளிகொண்டா டோல்கேட்டில் கம்பெனி பஸ் நின்றுவிட்டது. ஆம்பூர் போய்ச் சேர்ந்தபோது மேனேஜர் சூரியபிரகாஷ் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தோலின் படத்தை விரித்து, தழும்பும் ஓட்டையும் படாமல் ஷூவின் துண்டுகளை அதன்மேல் அடுக்குவதுதான் எங்கள் வேலை. துண்டை நகர்த்தினால் படம் விக்கி விக்கி வருகிறது.

“மெஷின் புதுசு மேடம். சாஃப்ட்வேர் புதுசு. அப்போ ஸ்லோ எங்கேன்னு நீங்களே பாருங்க” என்றார். சிரித்துக்கொண்டேதான்.

இந்த மாதம் பார்ப்பாராம். சரிவராவிட்டால் பேட்டர்ன் வேலையைச் சென்னையில் வெளியே கொடுத்துவிடப் போகிறார்கள். பிரிவில் இருப்பது நானும் ஃபீபியும்தான். பிரிவை மூடினால் இரண்டு பேரும் வெளியே. ஐம்பதை நெருங்குகிற பெண்ணுக்கு இந்த ஊரில் வேறு எந்தக் கம்பெனி நாற்காலி போடும்?

ஜூன் 11, செவ்வாய்

வீட்டில் சொன்னேன். “கண்ணாடியை மாத்திப் பாரேன்” என்றார் இன்பசேகரன். இருபத்துமூன்று வருட மணவாழ்வின் தொழில்நுட்ப உதவி.

ஜூன் 12, புதன்

கண்ணில் கோளாறு இல்லை.

கம்ப்யூட்டர்கள் வந்த அட்டைப்பெட்டிகள் ஸ்டோரில் கிடந்தன. மெமரி வந்த பெட்டியின் மேல் வேகம் 3600 என்று அச்சிட்டிருக்கிறது. திரையில் பார்த்தால் 2133-இல் ஓடுகிறது. என்னுடையதும் ஃபீபியுடையதும்.

மதியம் மதர்போர்டின் கையேட்டைப் படித்தேன். இயற்பியல் எம்.எஸ்சி. இதற்காவது பயன்படட்டும். விஷயம் எளிது. எந்த மெமரியைச் செருகினாலும் போர்டு அதை நம்பாமல், பத்திரமான குறைந்த வேகத்தில்தான் தொடங்கும். பெட்டியில் எழுதிய வேகம் வேண்டுமென்றால், ஆன் செய்யும்போதே பயாஸ் என்ற போர்டின் அடிப்படை அமைப்புக்குள் போய் எக்ஸ்.எம்.பி. என்ற ஒன்றை நாம் இயக்க வேண்டும். எங்கள் செலக்‌ஷன் மேசையிலும் இதே கதை: சந்தேகம் வந்த தோலை ஒரு கிரேடு கீழே தள்ளிவிடுவார்கள். பிறகு யாராவது எடுத்துக் கேட்டால்தான் மேலே வரும். யாரும் கேட்பதில்லை.

வழக்கமாக மெமரி வேகத்தால் பெரிய லாபம் வராது என்றுதான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் இந்த மெஷின்களில் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. திரைக்கான படமும் இதே மெமரியில்தான் ஓட வேண்டும். அப்படியானால் வித்தியாசம் தெரிய வேண்டும்.

தெரிந்தது. இரண்டு மெஷினிலும் எக்ஸ்.எம்.பி. போட்டேன். துண்டு கையோடு வருகிறது.

“அக்கா, இவ்ளோ நாளா நம்மளதான் திட்டினாங்களா?” என்றாள் ஃபீபி.

ஜூன் 13, வியாழன்

காலையில் என்னுடையது மறுபடி 2133. அவளுடையது 3600-இலேயே நிற்கிறது. சேமிக்க மறந்தேனா? இல்லை. மறக்கிறவள் இல்லை நான். மறுபடி போட்டேன்.

ஜூன் 14, வெள்ளி

மறுபடியும் 2133.

யாராவது மாற்றுகிறார்களா? ஒரு நிமிடம் ஃபீபியின் முதுகைப் பார்த்தேன். சே.

பிறகுதான் கவனித்தேன். காலையில் ஆன் செய்ததும் என் கடிகாரம் கொஞ்ச நேரம் 2019 என்று காட்டுகிறது. நெட் வந்ததும் திருத்திக்கொள்கிறது. வாரக்கணக்கில் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். போர்டில் இருக்கும் பட்டன் செல் செத்துப்போயிருக்கிறது. கரண்ட் இருக்கிறவரை நினைவிருக்கும், போனால் எல்லாம் மறந்துவிடும். இங்கேதான் தினமும் போகிறதே. ஃபினிஷிங் ஷெட்டில் தீப்பிடித்த வருடத்திலிருந்து, சாயந்திரம் ஆனால் செக்யூரிட்டி தனகோடி மெயினையே இறக்கிவிடுவார். கேட்டேன்.

“மெயின இறக்காம போனா எனக்கு சோறு எறங்காது மேடம்.”

அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஃபீபியின் செல் நன்றாக இருக்கும்போது, அதே நாளில் வாங்கிய என் மெஷினின் செல் எப்படிச் சாகும்? சிஸ்டம் பார்க்கிற நயீம் அகமதுவைப் பிடித்தேன். மறைக்கக்கூட இல்லை.

“அதுவா மேடம்? அட்டெண்டன்ஸ் பஞ்சிங் மெஷின்ல டைம் நிக்கல. அவசரத்துக்கு உங்களதுல இருந்து நல்ல செல்ல எடுத்து அதுல போட்டேன். அதுல இருந்தத உங்களதுல வெச்சேன். கம்ப்யூட்டர்தான் நெட்ல டைம் எடுத்துக்குதே. பஞ்சிங் ஓடலன்னா எல்லாருக்கும் பேஜார் இல்ல?”

என் செல்லைத் தின்றுகொண்டுதான் அந்த மெஷின் திங்களன்று என்னை லேட் என்று பதிந்திருக்கிறது.

ஜூன் 17, திங்கள்

பக்ரீத். விடுமுறை. சத்துவாச்சாரி வாட்ச் கடையில் பட்டன் செல் வாங்கினேன். இரண்டாக. இனி இந்தக் கம்பெனியில் எதையும் ஒன்றாக வாங்கக் கூடாது.

ஜூன் 19, புதன்

நேற்று செல் மாற்றினேன். இன்று காலை 3600. கடிகாரமும் சரி.

சூரியபிரகாஷுக்கு மெயில் எழுதினேன். நடந்ததை அப்படியே. முன்பு இருவரும் சேர்ந்து நாள் முழுக்கச் செய்த அடுக்கல் வேலை இப்போது மதியத்துக்குள் முடிகிறது என்று கணக்கோடு காட்டினேன். கோளாறு ஆளிடம் இல்லை, அமைப்பில்தான் என்ற கடைசி வரியை மூன்று தடவை எழுதி அழித்து, பிறகு விட்டுவிட்டேன். ஃபீபி படித்துப் பார்த்து, “சூப்பர்க்கா, அனுப்புங்க” என்றாள்.

ஜூன் 24, திங்கள்

சூரியபிரகாஷ் வந்து நின்று பார்த்தார். “பரவால்லயே மேடம்” என்றார். வேலை சென்னைக்குப் போகாதாம்.

சந்தோஷம் என்று எழுதலாமா? எழுதி வைக்கிறேன்.

ஜூன் 28, வெள்ளி

ஃபீபியை மதியம் கூப்பிட்டார்கள். திரும்பி வந்து டிபன் பாக்ஸை எடுத்துப் பையில் போட்டாள். அப்போதும் எனக்குப் புரியவில்லை.

“என்னடி?”

“இனிமே ஒரு ஆளு போதுமாம்க்கா.”

மதியத்துக்குள் முடிகிறதென்றால் மிச்ச அரை நாளுக்கு இன்னொருத்தி எதற்கு? கணக்கு சரிதான். நான் போட்ட கணக்கு. என் மெயிலைத்தான் பிரிண்ட் எடுத்து அவள் முன்னால் வைத்திருக்கிறார்கள்.

“உங்க மேல கோவம் இல்லக்கா. நானும்தான அனுப்பச் சொன்னேன்” என்றாள்.

அவள் கோபப்பட்டுவிட்டுப் போயிருக்கலாம். நான் போய் அந்த மேனேஜர் ஆளிடம் கேட்டேன்— என்ன சார் இது, அவ இல்லாம நான் எப்படி— “நீங்கதானே மேடம் எழுதியிருக்கீங்க” என்றான். ஆமாம். நான்தான் எழுதினேன். நல்ல இங்கிலீஷில்.

ஜூலை 1, திங்கள்

நயீம் அகமது ஃபீபியின் மெஷினைத் திறந்து அதிலிருந்த இரண்டு மெமரியையும் உருவிக்கொண்டு வந்தான்.

“இதையும் உங்களதுல போட மேனேஜர் சொல்லிட்டாரு மேடம். டபுள் ஸ்பீடு வரும்னு.”

“வராது. நாலும் சேர்ந்தா இந்த போர்டு 3600-ஐத் தாங்காது. கையேட்டிலேயே இருக்கு.”

“எனக்கு இன்னா மேடம், சொன்னத செய்றேன்.”

செருகினான். ஃபேன் சுற்றியது, திரை கறுப்பாகவே இருந்தது. அணைந்து, மறுபடி தானாகவே முயன்று, கடைசியில் ஒருவழியாக எழுந்தது. 2133.

“ஓடுது இல்ல? விடுங்க மேடம்” என்று மூடியின் ஸ்க்ரூவைத் திருகிவிட்டுப் போனான். அவள் நாற்காலியையும் தள்ளிக்கொண்டு போனான். கட்டிங்கில் யாருக்கோ வேண்டுமாம்.

ஜூலை 3, புதன்

மதியமாகியும் காலை வேலையில் பாதி முடியவில்லை. துண்டு பழையபடி விக்குகிறது. சூரியபிரகாஷ் வந்து பின்னால் நின்றார்.

“என்ன மேடம், திரும்பவும் ஸ்லோவா?”

“ரெண்டு பேரோட மெமரி சார். ஒரே மெஷின்ல போட்டா இந்த வேகம்தான்.”

“ஏதாவது செட்டிங் இருக்கும், பாருங்க. அன்னைக்குக் கண்டுபிடிச்சீங்களே.”

“பார்க்கிறேன் சார்” என்றேன்.

பார்க்க ஒன்றுமில்லை. அவளுடைய இரண்டையும் கழற்றினால் போதும், பழைய வேகம் வந்துவிடும். மேசை டிராயரைத் திறந்தேன், ஸ்க்ரூடிரைவர் அங்கேயே இருக்கிறது. டிராயரைச் சாத்திவிட்டு அடுத்த தோலை எடுத்தேன்.