அது பழைய மீன்தான்

அன்பு மகளுக்கு,

இங்கே அப்பா, தம்பி, நான் மூவரும் நலம். உனக்குக் காய்ச்சல் விட்டதா, கால் புண் ஆறும்வரை ஓடைத் தண்ணீரில் இறங்காமல் இருக்கிறாயா என்பதை முதலில் எழுது. தம்பி உன் சைக்கிளை எடுத்துக்கொண்டு பிரேக் இல்லாமல் பறக்கிறான், நான் சொன்னால் காதில் ஏறுவதில்லை, நீ ஒரு வரி எழுது.

உன் கடிதம் வந்தது. நீ கண்டுபிடித்த புது மீன் புதிதே இல்லை, முன்பே பெயர் வைத்த மீனின் ஆண்தான், முட்டையிடும் பருவத்தில் மட்டும் வாலில் அந்தக் கறுப்புப் பட்டை வருகிறது என்று தொட்டியில் வளர்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டாயாம். உன் பெரிய சார் "இன்னொருத்தன் வளர்த்தா பார்க்கப் போறான், விட்டுடும்மா" என்று சொல்லியும் கேட்காமல், "நான் முன்பு எழுதியது தப்பு" என்று அதை வெளியிட்ட ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு நீயே எழுதிப் போட்டுவிட்டாய். இனி வேலையை நீட்டிப்பார்களோ மாட்டார்களோ என்று கடைசியில் சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறாய், எங்களுக்கு அதுதான் பெரிதாகத் தெரிந்தது. அன்று அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் ஒன்று சொல்கிறேன். தையல் கம்பெனியில் என் செக்கிங் மேஜையில் இதே பேச்சைத்தான் தினமும் கேட்கிறேன். பிரிந்த தையலைக் காட்டினால் சூப்பர்வைசர் "யாரு பார்க்கப் போறாக்கா, பெட்டியில கட்டிப் போடு" என்பான். பெட்டி திரும்பி வந்தால் திட்டு எங்களுக்கு, அவனுக்குப் பதவி உயர்வு. தப்பைச் சொன்னவள் வெளியே, மறைத்தவன் மேலே, இந்த அதிகாரிகள் எல்லா இடத்தையும் இப்படித்தான் வைத்திருக்கிறார்கள். அதற்குள் இருந்துகொண்டே யாரும் கேட்காமல் நீ சொன்னாய் பார், புது மீன் கண்டுபிடித்தவள் என்று உன் படம் பேப்பரில் வந்த அன்றுகூட எனக்கு இவ்வளவு பெருமை இல்லை.

அந்தப் படத்தைத் தெரு முழுக்கக் காட்டியவர் அப்பா, அதனால் இதையும் அவரே டீக்கடையில் போய்ச் சொன்னார். பஞ்சர் கடைக்காரர் "என்னண்ணே, பொண்ணு புடிச்ச மீன் நழுவிடுச்சா" என்று கிண்டல் செய்தாராம். "நழுவலப்பா, பழசுன்னு தெரிஞ்சதும் அவளே விட்டுட்டா. நீ ஒட்டின டியூப்ல காத்து இறங்குனா நீயா வந்து என்னைக்காவது சொல்லியிருக்கியா" என்று இவர் கேட்க, கடையே சிரித்ததாம். வீட்டுக்கு வந்து என்னிடம் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார், சோறும் இறங்கியது.

நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு. நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் குனிந்து கிடக்காதே, கண்ணும் முதுகும் உனக்கு வேண்டும். வேலையை நீட்டிக்காவிட்டால் அதையும் மறைக்காமல் உடனே எழுது, கிளம்பி வா, வேறு வேலை தேடிக்கொள்ளலாம். தலை குனிய வேண்டியவர்கள் அங்கே இருக்கிறார்கள், நீ இல்லை.

என்றும் உன் பக்கம் நிற்கும்
அம்மா