கடையில் இருந்ததிலேயே மலிவான ரிவால்வர்

இன்று கொண்டாப்பூரில் மகன் வீட்டில், தையல் மெஷினைப் பழுதுபார்க்க வந்தவர் எண்ணெய் விட்டதும், நீ அறைக்குள் வந்ததுபோல் இருந்தது. கடைசி ஏழெட்டு வருடம் உன் சட்டையிலிருந்து அந்த வாசனைதான் வரும். ஞாயிறுதோறும் உட்கார்ந்து ரிவால்வரைத் துடைப்பாய். மருமகள் காபி கொண்டுவந்தாள். குடிக்கப் பிடிக்கவில்லை.

குஷாய்குடா தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் நமக்குப் பக்கத்துப் பக்கத்து மேசை. நீ யாரிடமும் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. உப்பலைத் தாண்டி வாங்கிப்போட்ட உன் மனையை எழுதிக் கொடுக்கச் சொல்லி மூன்று பேர் ஸ்கூட்டரை மறித்த அன்று, என் வீட்டுக்கு வந்தாய். கொடுத்த தண்ணீரைக் குடிக்காமலே சொன்னாய்:

"போலீஸ்ல எழுதிக் கொடுத்துட்டுதான் வரேன். பொண்ணு எந்த காலேஜ்னுகூடச் சொல்றானுங்கடா."

நான்தான் சொன்னேன்: "லைசென்ஸ் எடு. இடுப்புல ஒண்ணு இருந்தா எவனும் கிட்ட வரமாட்டான்."

லைசென்ஸ் கைக்கு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. கடைக்கும் நானே கூட்டிப்போனேன். புதியது உனக்குக் கட்டுப்படியாகவில்லை. யாரோ வைத்திருந்து விற்ற பழையது ஒன்றைக் கடைக்காரர் எடுத்து வைத்தார். "டரானே கே லியே பஸ் ஹை, சாப்." பயமுறுத்த அது போதுமாம். சிரித்துக்கொண்டே வீடு திரும்பினாய். அப்புறம் நீ அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

அந்த மூன்று பேரும் அப்புறம் உன்னைத் தேடி வரவேயில்லை. மனையைச் சுற்றி மதில் எழுப்பி, வேறு பெயரில் பத்திரம் காட்டினார்கள். கோர்ட்டில் வாய்தா மேல் வாய்தா. பயமுறுத்த எதிரே ஆளே இல்லாமல் போனது. ஆனாலும் காய்கறி வாங்கப் போகும்போதுகூட அது உன் இடுப்பில் இருந்தது. மறைக்க ஒரு சைஸ் பெரிய சட்டை. கல்யாணங்களுக்கு அதைக் கொண்டுபோகக் கூடாது என்பதால் கல்யாணங்களுக்கே போவதை விட்டாய். என் மகள் கல்யாணத்தன்று சர்ச் வாசலில் உனக்காக வெகுநேரம் நின்றேன். மறுநாள் கேட்டதற்கு, "நக்கோடா, வேணாம். அதை வீட்ல வச்சிட்டு எப்படி வர்றது?" என்றாய். நான் சொன்னபடியே எவனும் உன் கிட்டே வரவில்லை. நானும் வருவதைக் குறைத்துக்கொண்டேன்.

பிறகு தேர்தல் வந்தது. லைசென்ஸ்காரர்கள் எல்லோரும் ஆயுதத்தை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்த நாளிலிருந்து நீ வாசல் தாண்டவில்லை. ஒன்பதாம் நாள் காலை உன் மனைவி போன் செய்தார். "அண்ணா, விடியக்காலைலருந்து நெஞ்சு வலிங்கறார். ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேங்கறார்."

நான் வந்தபோது, வியர்த்துப்போய்க் கட்டிலில் உட்கார்ந்திருந்தாய்.

"அது திரும்ப வரட்டும்டா. அப்புறம் போலாம்."

"எலெக்ஷன் முடிய இன்னும் மூணு வாரம் இருக்கு. எந்திரி."

"வெளிய நிப்பானுங்க."

"நான் இருக்கேன்ல?"

"உன்னால என்னடா பண்ண முடியும்?"

நானும் பக்கத்து வீட்டுக்காரரும் உன்னைத் தூக்கித்தான் ஆட்டோவில் ஏற்றினோம். தெருவில் ஒரு தண்ணீர் லாரியைத் தவிர எதுவும் இல்லை. வழியெல்லாம் உன் வலது கை வெறும் இடுப்பைத் தடவிக்கொண்டே வந்தது. ஆஸ்பத்திரிக்கு முந்தைய சிக்னலில் அந்தக் கை நின்றுவிட்டது. இன்னும் கொஞ்சம் முன்னால் கூட்டி வந்திருக்கலாமே என்றார் டாக்டர்.

தேர்தல் முடிந்ததும், ரிவால்வர் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க உன் மகளோடு ஸ்டேஷனுக்குப் போனேன். "மாக்கு வத்து சார்," என்று தெலுங்கில் சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். எங்களுக்கு வேண்டாம். வெளியே வந்ததும் நின்றாள்.

"அங்கிள், டாடி தானா இப்படி யோசிக்கிற ஆள் இல்ல. இத வாங்கச் சொன்னது யாரு? உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியலம்மா."

நம்பிவிட்டாள். என் கையைப் பிடித்து ரோட்டைக் கடக்க வைத்தாள்.

சொல்ல வேண்டியதை இன்னும் நான் அவளிடம் சொல்லவில்லை. சொல்லுவேன் என்றும் தோன்றவில்லை. வாரம் ஒருமுறை போன் செய்து, "சாப்பிட்டீங்களா அங்கிள்?" என்று கேட்கிறாள். சாப்பிட்டேன் என்கிறேன்.